பெட்டைக் குதிரை சினையா? வயிற்றைப் பார்த்துச் சொல்ல முடியாது, நாள் கணக்கு வேண்டும்

தென்காசி வட்டாரத்தில் ஒரு பசு சினை பிடித்ததா என்று தெரிந்துகொள்வது பெரிய வேலை இல்லை. சினை ஊசி போட்டு இரண்டு மூன்று மாதம் கழித்து கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிச் சென்றால், மருத்துவர் கை விட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவார். அவரிடம் போவதற்கு முன்பே பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு கணிப்பு சொல்லியிருப்பார். அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

குதிரைக்கு அப்படி இல்லை. வண்டிப் பந்தயத்துக்கு ஒருவர், கோயில் விழாவுக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் ஒருவர், சவாரிக்கு ஒருவர் என்று ஊருக்கு ஒன்றிரண்டு பேர்தான் குதிரை வைத்திருப்பார்கள். பெட்டைக் குதிரையைப் பொலிகுதிரையோடு சேர்த்தபின், சினை நின்றதா இல்லையா என்று கேட்க அக்கம்பக்கத்தில் ஆள் இருக்காது. வயிற்றைப் பார்ப்பார்கள், தீனி தின்னும் வேகத்தைப் பார்ப்பார்கள், குணம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு ஒரு முடிவுக்கு வருவார்கள்.

இந்த யூகத்துக்கு விலை அதிகம். சினை என்று நம்பிப் பதினொரு மாதம் கொள்ளும் தவிடும் வைத்துப் பார்த்து, கடைசியில் உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்தால் ஒரு வருடம் வீணாகிவிடும். சினை இல்லை என்று நினைத்துப் பந்தய வண்டியில் பூட்டி ஓட்டினால் குட்டிக்கே ஆபத்து. இன்னொன்றும் உண்டு. பருவம் வரவில்லையே என்று ஊசி போடச் சொல்லி, உள்ளே நன்றாக வளர்ந்துகொண்டிருந்த கருவை நாமே கலைத்துவிடுவது. மூன்றிலும் கடைசிதான் மனதை அதிகம் உறுத்தும்.

மாட்டைத் தெரிந்த அளவுக்குக் குதிரையை நமக்குத் தெரியாததற்குக் காரணம் பழையது. பாண்டிய நாட்டுக்குக் குதிரைகள் பெரும்பாலும் கப்பலில் வந்து இறங்கியவை. தாமிரபரணி முகத்துவாரத்தில் இருந்த காயல் துறைமுகத்தைப் பற்றி 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சொன்ன மார்க்கோ போலோ, அரபு நாட்டுப் பக்கமிருந்து குதிரைகள் வந்து இறங்கியதைக் குறிப்பிடுகிறார். பாண்டிய அரசர்கள் பெரும் பணம் கொடுத்து அவற்றை வாங்கினார்கள். பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாததால் அதில் பெரும்பகுதி செத்துப்போனது. நல்ல பொலிகுதிரையை நல்ல பெட்டையோடு சேர்த்தாலும் கால் கோணிய சிறு குட்டிதான் பிறக்கிறது என்றும் அவர் சொல்லியிருக்கிறார். குதிரைக்குச் சோறும் வேகவைத்த இறைச்சியும் போட்டார்களாம். புல் தின்னும் பிராணிக்கு அதைப் போட்டால் வேறென்ன ஆகும்!

இன்றும் நிலைமை முழுக்க மாறிவிடவில்லை. ஈரோடு மாவட்டம் அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்கு வரும் மார்வாரி, கத்தியவாரி போன்ற குதிரைகள் வடக்கத்தி இனங்கள்தான். வாங்கி வந்து வைத்துக்கொள்கிறோம். இங்கேயே குட்டி எடுக்க நினைப்பவர்கள் அண்மைக் காலத்தில்தான் கொஞ்சம் கூடியிருக்கிறார்கள். அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

மாட்டுக்குப் பார்ப்பதுபோல் கை விட வேண்டாம்

முதலில் ஒரு எச்சரிக்கை. மாட்டுக்குச் சினை ஊசி போடுபவர் ஊரில் இருப்பார். நல்ல அனுபவசாலியாகவும் இருப்பார். 'குதிரையும் மாடு மாதிரிதானே, ஒரு கை விட்டுப் பார்த்துச் சொல்லுங்கண்ணே' என்று அவரைக் கூப்பிடாதீர்கள்.

குதிரையின் மலக்குடல் மாட்டினுடையதைவிட எளிதில் கிழியக்கூடியது. கையை உள்ளே விட்டதும் இறுக்கிப் பிடிக்கும். அந்த நேரத்தில் கையைத் தள்ளினால் குடல் கிழியும். மாடு தாங்கிக்கொள்ளும் அழுத்தத்தைக் குதிரை தாங்காது. குடல் கிழிந்து சாணி வயிற்றுக்குள் போய்விட்டால் குதிரையைக் காப்பாற்றுவது மிகக் கடினம். உதையும் உண்டு, அது தனி ஆபத்து. ஆகவே குதிரையைப் பரிசோதித்துப் பழகிய கால்நடை மருத்துவர்தான் பார்க்க வேண்டும். குதிரையைக் கட்டைச் சட்டத்துக்குள் நிறுத்தி, தேவையானால் அமைதிப்படுத்தும் மருந்து கொடுத்து, சாணியை முழுதும் எடுத்துவிட்டு, வழுவழுப்பான திரவம் தாராளமாகத் தடவிய பிறகே அவர் கை விடுவார். கையை எடுக்கும்போது உறையில் ரத்தம் தெரிந்தால் 'பரவாயில்லை, சரியாகிவிடும்' என்று விட்டுவிடக் கூடாது. அப்போதே சிகிச்சை ஆரம்பிக்க வேண்டும்.

நோட்டில் தேதி எழுதுங்கள்

குதிரையின் சினைப் பரிசோதனை முழுக்க நாள் கணக்கை நம்பியது. ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு காலம் உண்டு. அதற்கு முன்னால் செய்தாலும் தப்பு, பின்னால் செய்தாலும் தப்பு. தேதி இல்லாமல் மருத்துவரிடம் போனால் அவருக்கும் பாதி கண்ணைக் கட்டியதுபோல்தான்.

பெட்டைக் குதிரைக்குப் பருவச் சுழற்சி ஏறக்குறைய 21 நாள். அதில் 5 முதல் 7 நாள் பருவத்தில் இருக்கும். மாட்டுக்கு ஒரு நாளுக்குள் முடிந்துவிடும் விஷயம் குதிரைக்கு ஒரு வாரம் நீள்கிறது. பருவத்தில் இருக்கும் பெட்டை, பொலிகுதிரையைக் கண்டதும் வாலைத் தூக்கும், பின்னங்காலை அகட்டி நிற்கும், கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் விடும், பெண்ணுறுப்பின் உதடுகளைத் திறந்து திறந்து மூடும். பருவத்தில் இல்லாதது காதை மடக்கிக்கொண்டு கத்தும், உதைக்க வரும்.

முட்டை வெளிவருவது பருவத்தின் கடைசி ஒன்றிரண்டு நாளில். அதனால்தான் ஒரே பருவத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்க்கிறார்கள். சேர்த்த எல்லாத் தேதிகளையும் எழுதி வையுங்கள். நாள் கணக்கைக் கடைசியாகச் சேர்த்த தேதியிலிருந்து ஆரம்பியுங்கள். முதல் தேதியிலிருந்து எண்ணினால் நான்கைந்து நாள் பிசகும். பதினைந்தாம் நாள் பார்க்க வேண்டிய ஸ்கேனைப் பத்தாம் நாள் பார்த்துவிட்டு 'ஒன்றும் இல்லை' என்று திரும்பி வருவதற்கு இந்தப் பிசகு ஒரு காரணம்.

சினைக்காலம் சராசரியாக 340 நாள். 320 நாளிலும் குட்டி போடலாம், 365 நாள் வரையும் போகலாம். இரண்டுமே இயல்புதான். உதாரணமாக மார்ச் 15-ஆம் தேதி கடைசியாகச் சேர்த்தால், 15-ஆம் நாள் மார்ச் 30, 28-ஆம் நாள் ஏப்ரல் 12, 45-ஆம் நாள் ஏப்ரல் 29, 340-ஆம் நாள் அடுத்த ஆண்டு பிப்ரவரி 18.

நம் ஊருக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. குளிர் நாடுகளில் பகல் நீளும் மாதங்களில் மட்டும்தான் பெட்டைக்கு ஒழுங்காகப் பருவம் வரும். தென்காசியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். அதனால் தீனி நன்றாகக் கிடைக்கும் குதிரைக்கு ஆண்டின் பெரும்பகுதியிலும் பருவம் வரலாம். எப்போது சேர்ப்பது என்பது பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது. ஜூலை 20-ல், குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருக்கும்போது சேர்த்தால், குட்டி அடுத்த ஜூன் 25 வாக்கில், மறுபடியும் சாரல் அடிக்கும் நேரத்தில் தரையில் விழும். இலஞ்சி, குற்றாலம், செங்கோட்டைப் பக்கம் அந்த ஈரத்தில் லாயத்தைக் காய வைப்பதே பெரும்பாடு. வைக்கோலில் பூஞ்சணம் பிடிக்கும், அதைத் தின்றால் குதிரைக்கு வயிற்றுவலி வரும். பங்குனியில் சேர்த்தால் மாசியில் குட்டி, தரை காய்ந்திருக்கும். என்னைக் கேட்டால் மலையடிவாரத்தில் இருப்பவர்கள் இரண்டாவதைத்தான் யோசிக்க வேண்டும்.

15-ஆம் நாள் ஸ்கேன்

பசுவுக்கு ஸ்கேன் எல்லாம் தேவையா என்று சிலர் கேட்பார்கள். குதிரைக்குத் தேவை. கடைசியாகச் சேர்த்ததிலிருந்து 14 முதல் 16 நாளுக்குள் மலக்குடல் வழியாக ஸ்கேன் பார்த்தால், கருப்பையில் கோலிக்குண்டு அளவுக்குக் கருப்பாக, உருண்டையாக ஒரு நீர்ப்பை தெரியும். அதுதான் கரு.

இந்த நாளை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? குதிரைக் கரு ஒரு விசித்திரமான பயணம் போகிறது. ஆறாம் நாள் வாக்கில் கருப்பைக்குள் வந்ததும் அது ஓரிடத்தில் ஒட்டிக்கொள்வதில்லை. கருப்பையின் ஒரு கொம்பிலிருந்து மற்றொரு கொம்புக்கு, அங்கிருந்து நடுப்பகுதிக்கு என்று ஒரு வாரத்துக்கும் மேல் உருண்டுகொண்டே இருக்கும். 'நான் உள்ளே இருக்கிறேன், அடுத்த பருவத்தை ஆரம்பிக்காதே' என்று தாயின் உடம்புக்குத் தெரிவிப்பது இந்த அலைச்சல்தான். 16-ஆம் நாள் வாக்கில் ஓரிடத்தில் நின்றுவிடும்.

நிற்பதற்கு முன்னால் பார்ப்பதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. இரட்டைக் கரு இருந்தால் அப்போது கண்டுபிடித்துவிடலாம். ஆட்டுக்கு இரட்டைக் குட்டி அதிர்ஷ்டம். குதிரைக்கு அது பெரும்பாலும் இழப்பு. குதிரையின் நஞ்சுக்கொடி கருப்பையின் உட்பரப்பு முழுவதிலும் பரவி ஒட்டினால்தான் ஒரு குட்டிக்குப் போதுமான சத்து போகும். இரண்டு குட்டி இருந்தால் அந்த இடத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஒன்று வாடிச் செத்து, பின்மாதங்களில் இரண்டையும் சேர்த்து வீசிவிடுவதுதான் அதிகம் நடக்கிறது. தாய்க்கும் ஆபத்து. 16-ஆம் நாளுக்குள் பார்த்தால், கைதேர்ந்த மருத்துவர் ஒரு நீர்ப்பையைத் தனியே நகர்த்தி அழித்துவிட்டு மற்றதைக் காப்பாற்ற முடியும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுவிட்டால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறையும். உயரமான பந்தய இனங்களில் இரட்டைக் கரு அதிகம், சிறிய நாட்டு மட்டக்குதிரைகளில் குறைவு. குறைவு என்பதற்காகப் பார்க்காமல் இருக்க முடியாது.

கரு தெரியவில்லை என்றாலும் நட்டமில்லை. அடுத்த பருவம் இன்னும் சில நாளில் வரப்போகிறது என்பது கையில் இருக்கும். பொலிகுதிரை வைத்திருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம்.

இரண்டாவது ஸ்கேன் 28 முதல் 30 நாளுக்குள். அப்போது கருவின் இதயத் துடிப்பு திரையில் தெரியும். முதல் ஸ்கேனில் இருந்த கரு இரண்டாவதில் இல்லாமல் போவதும் உண்டு. முதல் இரண்டு மாதத்தில் கரு கரைந்துபோவது குதிரையில் அபூர்வம் இல்லை, வயதான பெட்டைகளில் இன்னும் அதிகம். வெளியே எந்த அடையாளமும் தெரியாது. ரத்தமோ கசிவோ இருக்காது. அதனால் 45, 60 நாள் வாக்கில் இன்னொரு முறை பார்த்துவிடுவது நல்லது.

ஸ்கேனுக்கு எங்கே போவது? நம் மாவட்டத்தில் முதலில் உங்கள் பகுதி கால்நடை உதவி மருத்துவரைக் கேளுங்கள். கையில் எடுத்து வரக்கூடிய ஸ்கேன் கருவி வைத்திருக்கும் மருத்துவர் லாயத்துக்கே வந்தால் குதிரைக்கு அலைச்சல் மிச்சம். இல்லையென்றால் திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, தென்காசியிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். குதிரை பார்க்கும் மருத்துவர் எந்த நாளில் இருப்பார் என்று கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். வேனில் ஏற்றினால் அதிகாலையில் ஏற்றுங்கள், உச்சி வெயிலில் வேண்டாம்.

35-ஆம் நாளைத் தாண்டினால் ஒரு சிக்கல்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். குதிரை வைத்திருப்பவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான்.

சினை பிடித்து 35, 36 நாள் ஆனதும் கருவைச் சுற்றியுள்ள சில செல்கள் கருப்பைச் சுவருக்குள் புகுந்து, சிறு சிறு கிண்ணம் போன்ற அமைப்புகளை உண்டாக்கும். இவை ஒரு ஹார்மோனைச் சுரக்கும். 1930-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கோல், ஹார்ட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் சினைக் குதிரையின் ரத்தத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். ஆடு, மாடுகளுக்குப் பருவத்தைத் தூண்டப் போடும் ஊசிகளில் ஒன்று இந்த ஹார்மோன்தான். குதிரையின் ரத்தத்தில் சுமார் 40-ஆம் நாளிலிருந்து 120-ஆம் நாள் வரை இது நன்றாக இருக்கும். ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம் இதை வைத்தே 'பிரெக்மேர்' என்ற ரத்தப் பரிசோதனைக் கிட்டை உருவாக்கியிருக்கிறது. ரத்த மாதிரி எடுத்தால் போதும், கை விட வேண்டியதில்லை. உதைக்கும் குதிரைக்கு நல்ல வழி.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கிண்ணங்கள் ஒருமுறை உண்டாகிவிட்டால் கரு செத்தாலும் அவை உடனே மறையாது. வாரக்கணக்கில் ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கும். கரு ஐம்பதாம் நாளில் செத்திருக்கும், எழுபதாம் நாள் எடுத்த ரத்தம் 'சினை' என்று சொல்லும். பொய் சொன்னது கிட் இல்லை. அது ஹார்மோன் இருக்கிறது என்றுதான் சொன்னது, உயிருள்ள குட்டி இருக்கிறது என்று சொல்லவில்லை.

அதோடு முடியவில்லை. கிண்ணங்கள் இருக்கும்வரை குதிரைக்கு ஒழுங்கான பருவமும் வராது. வந்ததுபோல் தெரிந்தாலும் சேர்த்துப் பலன் கிடைப்பது கடினம். நூறு நாளுக்கு மேல் வீணாகிவிடும். 35-ஆம் நாளுக்கு முன்பே கரு இல்லை என்று தெரிந்தால் அடுத்த பருவத்தில் சேர்த்துவிடலாம். 28-ஆம் நாள் ஸ்கேனை விடாதீர்கள் என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

எதிர்ப்பக்கமும் ஒரு விதிவிலக்கு உண்டு. பெட்டைக் குதிரையை ஆண் கழுதையோடு சேர்த்துக் கோவேறு கழுதைக்கு முயன்றிருந்தால், இந்த ஹார்மோன் மிகக் குறைவாகவே இருக்கும். சினையாக இருந்தும் ரத்தம் 'இல்லை' என்று காட்டலாம்.

நான்கு மாதம் ஆகிவிட்டால் வேறொரு ஹார்மோனைத் தேடலாம். ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன்கள் அப்போது ரத்தத்திலும் சிறுநீரிலும் ஏராளமாக இருக்கும். அவை உண்டாவதற்கு உயிருள்ள குட்டி வேண்டும் என்பதால் இந்தப் பரிசோதனையை அதிகம் நம்பலாம். சினைக் குதிரையின் சிறுநீரில் இது எவ்வளவு இருக்கிறதென்றால், மாதவிடாய் நின்ற பெண்களுக்கான 'பிரிமரின்' என்ற மாத்திரையையே 1940-களிலிருந்து அதிலிருந்துதான் எடுக்கிறார்கள்.

மாட்டுக்கு விற்கும் சினைப் பரிசோதனைக் கிட்டுகளைக் குதிரைக்குப் பயன்படுத்தாதீர்கள். அவை தேடும் பொருள் மாட்டின் நஞ்சுக்கொடியிலிருந்து வருவது, குதிரையில் அது இல்லை. மெடிக்கல் கடையில் பெண்களுக்கு விற்கும் அட்டையும் அப்படித்தான். சிறுநீரில் கோதுமை, பார்லி விதைகளை ஊறவைத்து முளைக்கிறதா என்று பார்க்கும் முறை பழைய எகிப்தில் பெண்களுக்கே செய்தது. மாட்டுக்கும் செய்து பார்த்திருக்கிறார்கள். குதிரைக்கு அதை நம்பி எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

பருவம் வரவில்லை என்றால் சினை என்று அர்த்தமா?

இல்லை. 21 நாள் கழித்துப் பொலிகுதிரையைக் காட்டி, பெட்டை உதைத்து விரட்டினால் சினைக்கு வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். சினை இல்லாமலே சினைப்பையில் மஞ்சள் திரட்டு கரையாமல் நின்றுவிடும். அப்போது ஒன்றிரண்டு மாதம்கூடப் பருவம் வராது. மெலிந்த குதிரைக்கும் பருவம் தள்ளிப்போகும். மறுபக்கம், சினையாக இருக்கும் சில பெட்டைகள் பொலிகுதிரைக்கு வாலைத் தூக்கிக் காட்டும். 'பருவத்துக்கு வந்துவிட்டதே' என்று மறுபடி சேர்த்தால் நிற்கிற சினைக்கே கேடு வரலாம். பார்க்க வேண்டுமானால் இடையில் உறுதியான சுவரோ கதவோ இருக்கட்டும்.

பருவத்தை வரவழைக்கும் ஊசிக்கும் இங்கேதான் கவனம் வேண்டும். மஞ்சள் திரட்டைக் கரைத்துப் பருவத்தைக் கொண்டுவரும் புரோஸ்டாகிளாண்டின் வகை ஊசி, சினைக் குதிரைக்குப் போட்டால் கருவைக் கலைத்துவிடும். ஸ்கேன் பார்த்து 'சினை இல்லை' என்று உறுதி செய்யாமல் இந்த ஊசியைப் போடச் சொல்லிக் கேட்காதீர்கள். யாராவது போட வந்தாலும் முதலில் ஸ்கேன் பார்க்கச் சொல்லுங்கள். இந்த மருந்து தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். வீட்டில் கர்ப்பமாக இருக்கும் பெண்களும், ஆஸ்துமா உள்ளவர்களும் இதைத் தொடவே கூடாது.

சந்தையில் 'சினைக் குதிரை' வாங்கும்போது

சந்தையில் பெட்டைக் குதிரையை விற்பவர் 'சினை, நாலு மாசம்' என்று சொன்னால் விலை ஏறும். வயிற்றைத் தட்டிக் காட்டுவார். நாலாம் மாதத்தில் குதிரையின் வயிற்றில் ஒன்றும் தெரியாது. ஏழு, எட்டு மாதம் வரைக்கும்கூட முதல் ஈற்றுக் குதிரை ஒடுங்கியே இருக்கும். ஏற்கெனவே பல குட்டி போட்ட குதிரையும், புல்லை மட்டுமே தின்று வளர்ந்த குதிரையும், குடற்புழு நிறைந்த குதிரையும் சினை இல்லாமலே தொப்பையாக இருக்கும். பெரிய வயிற்றுக்குத் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள்.

எந்தத் தேதியில் சேர்த்தது, எந்தப் பொலிகுதிரை, ஸ்கேன் எடுத்த தேதி என்ன என்று கேளுங்கள். தேதி தெரியாதவரிடம் சினைக்கு என்று கூடுதல் விலை பேசாமல், வெறும் குதிரை என்றே விலை பேசுங்கள். சினையாக இருந்தால் அது உங்கள் யோகம். வாங்கிவந்த முதல் வாரத்திலேயே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அதுவரை புழு நீக்க மருந்தோ வேறு ஊசியோ போடுவதாக இருந்தால் 'சினையாக இருக்கலாம்' என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

சினை உறுதியான பிறகு

லேசான வேலை, நடை, மெதுவான சவாரி முதல் ஆறேழு மாதத்துக்குக் கெடுதல் இல்லை. பந்தயம் வேண்டாம். சினை என்று தெரிந்த அன்றே பந்தய வண்டியை ஓரம் கட்டிவிடுங்கள். கடைசி மூன்று மாதத்தில்தான் குட்டி வேகமாக வளரும். தீனியை அப்போது கூட்டினால் போதும். ஆரம்பத்திலிருந்தே கொள்ளை அள்ளி வைத்தால் குதிரைதான் கொழுக்கும். குட்டி போடுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பு ரணஜன்னித் தடுப்பூசி போட மருத்துவரிடம் சொல்லுங்கள். குதிரைக்கு அந்த நோய் எளிதில் வரும்.

கடைசி மாதத்தில் மடி இறங்கும். வால் அடியின் இருபுறமும் தசை தளர்ந்து குழி விழும். பெண்ணுறுப்பு நீண்டு தளரும். காம்பின் நுனியில் மெழுகு போல மஞ்சள் துளி உறைந்து நின்றால் பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு நாளுக்குள் குட்டி. மெழுகு வராமலே போடுகிற குதிரைகளும் உண்டு. பெரும்பாலும் இரவில், ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் போடும். பனிக்குடம் உடைந்து அரை மணி நேரத்துக்குள் குட்டி வெளியே வந்துவிட வேண்டும். மாட்டுக்கு மணிக்கணக்கில் காத்திருப்பதுபோல் இங்கே காத்திருக்க நேரமில்லை. வெண்மையான பைக்குப் பதிலாகச் சிவப்பு வெல்வெட் போல ஒரு பை முதலில் வெளியே வந்தால், நஞ்சுக்கொடி முன்னதாகப் பிரிந்துவிட்டது, உள்ளே குட்டிக்குக் காற்று இல்லை என்று அர்த்தம். அந்தப் பையை உடனே கிழித்துக் குட்டியை இழுக்க வேண்டும், அதே நேரத்தில் இன்னொருவர் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். கால்நடை அவசர ஊர்தி எண் 1962. அதோடு குதிரை பார்க்கும் மருத்துவரின் எண்ணையும் லாயத்துச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள், இரவு இரண்டு மணிக்கு செல்போனில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

குட்டி ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் பால் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்துக்குள் நஞ்சுக்கொடி விழ வேண்டும். விழாவிட்டால் இழுக்காதீர்கள், மருத்துவரை அழையுங்கள். தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி வயிற்றுக்குள்ளேயே குட்டிக்குப் போவதில்லை, முழுக்கச் சீம்பால் வழியாகத்தான் போகிறது. சாரல் நேரத்தில் பிறந்த குட்டியை வைக்கோலால் நன்றாகத் தேய்த்து உலர்த்திவிட்டு, சீம்பாலை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் குடிக்க விடுங்கள்.

குட்டி போட்ட ஏழு முதல் பத்து நாளில் தாய்க்கு மறுபடியும் பருவம் வரும். ஈற்று சிரமமாக இருந்ததா, நஞ்சுக்கொடி தாமதமாக விழுந்ததா என்று பார்த்து, அப்படியானால் அந்தப் பருவத்தை விட்டுவிட்டு அடுத்ததில் சேருங்கள். குட்டி போட்ட தேதியைப் பழைய நோட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள், மருத்துவர் அடுத்த முறை முதலில் கேட்பது அதைத்தான்.